குரலின் பதிப்பு எண்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. கையில் வேலை இருந்தால் அது பாட்டுக்கு நடக்கட்டும். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தால் போதும். ராஜா ராணி வருகிற கதை இல்லை இது. அரக்கனும் கிடையாது. ஒரு குழு வருகிறது. சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், அழுகை வந்தால் அதையும் அடக்கவேண்டாம். இரண்டும் வருகிற மாதிரிதான் அது நடந்தது. நடந்த மாதிரியே சொல்கிறேன்.

மர்பி டவுனில் ஆஞ்சலா என்று ஒரு அம்மாள் இருந்தார். அறுபத்தெட்டு வயது. முப்பது வருஷம் ஒரு பெரிய ஹோட்டலில் டெலிபோன் போர்டில் வேலை பார்த்தவர். கூப்பிடுகிறவர் எவ்வளவு கத்தினாலும், "கொஞ்சம் லைன்ல இருங்க சார்" என்று அவர் சொன்னால் இருந்துவிடுவார்களாம். அப்படி ஒரு குரல். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை பிரிஜெட்டும் அவரும் ஒரே வீட்டில், ஒரே சமையல். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு, செவ்வாயும் வெள்ளியும் அல்சூர் ஏரிப் பக்கத்து டயாலிசிஸ் மையத்துக்குப் போய் நான்கு மணிநேரம் நாற்காலியில் சாய்ந்திருந்து வருவார்.

அந்த மையத்தில் ஆறு நாற்காலி. எந்த நாற்காலி, எத்தனை மணிக்கு என்பது தினமும் மாறும். ஆகவே காலை ஆறு மணிக்கு ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு போன் வரும். கம்ப்யூட்டரே போட்டு, கம்ப்யூட்டரே பேசும். எடுத்துக் கேட்டால், மையத்தின் வாசலில் செக்யூரிட்டி வைத்திருக்கும் டேப்லெட்டில் உங்கள் பெயருக்கு நேரே பச்சை டிக் விழும். டிக் இருந்தால் கேட் திறக்கும். இல்லாவிட்டால் திறக்காது. கூட்டத்தைக் குறைக்க அப்படி ஒரு ஏற்பாடு.

இந்தப் போன் வேலையை ஒரு கம்பெனி செய்து கொடுத்தது. பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அதை விசாரிக்க ஒரு குழு கூடும், குழு கூடினால் என்ன ஆகும் என்பதுதான் கதையே. அதில் வேலை பார்த்தவள் வீணா. ஆஞ்சலாவுக்கு நான்கு வீடு தள்ளி இருப்பவள், தனக்கோடியின் மகள். தமிழ் அழைப்புக்கு ஒரு குரல் தேவைப்பட்டபோது அவளுக்கு வேறு யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஆட்டோச் சத்தம் கேட்காமல் இருக்க ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, ஆஞ்சலாவைக் கட்டிலில் உட்காரவைத்துப் பதிவு செய்தாள். வணக்கம், நாற்காலி எண்கள், மணிகள், நாற்பத்தொரு நோயாளிகளின் பெயர்கள். முனியப்பன், சுந்தரேசன், ரவிக்குமார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்த ஆஞ்சலா, தன் பெயர் வந்ததும் சிரித்துவிட்டார். "ஆஞ்சலா" என்ற சொல்லின் வாலில் அந்தச் சிரிப்பும் பதிவாகிவிட்டது.

"இத மட்டும் இன்னொரு தபா எடுத்துக்கலாம் ஆன்ட்டி."

"இருக்கட்டும் வுடு கண்ணு. என்ன நானே கூப்புட்டுக்கறேன், சிரிப்பு வராதா பின்ன?"

அப்படியே விட்டுவிட்டார்கள். மூன்று வருஷம், வாரத்தில் இரண்டு நாள், ஆஞ்சலாவை ஆஞ்சலா எழுப்பினார். பிரிஜெட் அடுப்படியிலிருந்து, "யாரு போன்ல?" என்று வேண்டுமென்றே கேட்பார். "யாரோ ஒரு பொம்பள, நல்லா பேசறா" என்பார் அக்கா.

இனி கம்பெனிக்குள் போவோம். பயப்படாதீர்கள், உள்ளே அப்படி ஒன்றும் புரியாதது இல்லை.

அந்தக் கம்பெனியின் வேலைகளெல்லாம் கம்ப்யூட்டருக்குள் டப்பா டப்பாவாக அடைத்து வைத்திருக்கும். ஒரு டப்பா போன் போடும், ஒரு டப்பா டிக் அடிக்கும். ஆயிரக்கணக்கான டப்பாக்களையும் மேய்க்க ஒரு பெரிய நிரல் உண்டு. கட்டட வேலைக்கு மேஸ்திரி மாதிரி. நாமும் அதை மேஸ்திரி என்றே சொல்லிக்கொள்வோம். மேஸ்திரிக்கு வாயால் சொல்லமுடியாது. வீணாவின் லேப்டாப்பில் ஒரு கருவி இருக்கிறது, அதில் கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை தட்டினால் மேஸ்திரி கேட்டுக்கொள்வார். மேஸ்திரிக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு, கருவிக்கும் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு எண் முன்னே பின்னே இருக்கலாம். அதற்கு மேல் போனால் பேச்சு ஒத்துவராது. அவ்வளவுதான் விஷயம்.

கம்பெனியில் இரண்டு குழுக்கள் இருந்தன. ஒன்று புதுமைக் குழு. எல்லா லேப்டாப்பிலும் எப்போதும் புத்தம்புதுக் கருவிதான் இருக்கவேண்டும் என்பது அதன் கொள்கை. வெள்ளிக்கிழமை தோறும் யாரையும் கேட்காமல் மாற்றிவிடும். இன்னொன்று நிலைத்தன்மைக் குழு. ஓடுகிற மேஸ்திரியைத் தொடக்கூடாது என்பது அதன் கொள்கை. நான்கு வருஷமாகத் தொடவில்லை. இப்படியாக மேஸ்திரி இருபதாம் பதிப்பிலும், கருவி முப்பத்தொன்றாம் பதிப்பிலும் வந்து நின்றன. இரண்டு குழுவுக்கும் அந்த வருஷம் விருது கிடைத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மையத்திலிருந்து மெயில் வந்தது. மறுநாளிலிருந்து முதல் ஷிப்டு அரைமணி முன்னால் தொடங்குமாம். போன் ஐந்தரைக்கே போகவேண்டும். ஆறை ஐந்தரையாகத் திருத்தினால் முடிந்தது. ஆனால் கம்பெனியின் முதல் விதி: எதையும் திருத்தக்கூடாது. பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதவேண்டும். வீணா விதிப்படி நடப்பவள். பழையதை அழித்தாள். மேஸ்திரி உடனே அழித்தார். அழிப்பது எல்லாப் பதிப்புக்கும் தெரிந்திருக்கிறது. பிறகு, தினமும் ஐந்தரைக்குத் தமிழ் அழைப்பு போகட்டும் என்று புதுக் கட்டளையைத் தட்டினாள்.

கேட்ட பொருளை இங்கே காணவில்லை என்று பதில் வந்தது.

மறுபடி தட்டினாள். காணவில்லை. கருவி புதுப் பாஷையில் கேட்கிறது, மேஸ்திரிக்கு அது பிறக்காத பாஷை. இருபதாம் பதிப்புக் கருவியை எங்கிருந்தாவது இறக்கிப் புதியதன் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இரண்டு நிமிஷ வேலை. ஆனால் பழைய கருவி வைத்திருப்பது தடை. கட்டளையைத் தாளாகப் பழைய பாணியில் எழுதி நீட்டினாலும் மேஸ்திரி வாங்கிக்கொள்வார். கைப்படத் தாள் எழுதுவதைப் போன வருஷமே தடைசெய்திருந்தார்கள். அனுமதி கேட்கப் படிவம் இருந்தது. படிவம் நான்காம் பதிப்பு. அதை வாங்கிக்கொள்ளும் தளம் ஆறாம் பதிப்பு. தளம் படிவத்தைத் திருப்பி அனுப்பியது.

சனிக்கிழமை விடிகிற நேரம், வீணா தன் சொந்த போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மையத்திலிருந்து ஐந்து மணிக்கு வந்த பட்டியலைத் தனக்கோடி சத்தமாக வாசிக்க, வீணா ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். பேசி முடித்ததும் டிக்கைக் கையால் போட்டாள்.

"இன்னாமே உன் கம்பெனி," என்றாள் தனக்கோடி. "ஆயிரம் பேர் வேல செய்றாங்கன்ற. போன் போட என்ன எழுப்பற."

"ரெண்டு நாள்தாம்மா."

செவ்வாய்க்கிழமை ஆஞ்சலாவைக் கூப்பிட்டாள்.

"வீணாவா? எங்க என் குரல்?"

"லீவு போட்ருக்கு ஆன்ட்டி."

"முப்பது வருசம் நான் லீவே போட்டதில்ல. அதுக்கு மட்டும் யாரு குடுத்தா?" என்று சிரித்தார். பிறகு, "நீ பேசறதும் நல்லாத்தான் இருக்கு. ஆனா வேகமாப் பேசற கண்ணு. வயசானவங்க கேக்கறாங்க, ஒவ்வொண்ணா வெச்சி வெச்சிப் பேசணும். நாற்காலி மூணு. மணி ஒம்போது. அப்பிடி" என்றார்.

அன்றிலிருந்து வீணா வைத்து வைத்துப் பேசினாள்.

அதற்கு முதல் நாள், திங்கட்கிழமை, அவள் புதுமைக் குழுத் தலைவரைப் பார்க்கப் போயிருந்தாள். பெயர் ஸ்ரீகண்டன். சாந்தமான மனிதர், யாரையும் வைய மாட்டார். நீல நிற அடையாள அட்டை தொங்கவிட்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "புதுக் கருவில எந்தத் தப்பும் இல்ல பாருங்க. மேஸ்திரிதான் பழசு. அவர மாத்தச் சொல்லி நிலைத்தன்மைக் குழுகிட்ட கேளுங்க" என்றார்.

வியாழக்கிழமை நிலைத்தன்மைக் குழு அறைக்குப் போனாள். உள்ளே ஸ்ரீகண்டன் உட்கார்ந்திருந்தார். அட்டை மட்டும் பச்சை.

"சார், நீங்களா?"

"வியாழக்கிழமைல நான்தான்," என்றார். "சொல்லுங்க, என்ன பிரச்சனை?"

திங்கட்கிழமை சொன்னதையே முதலிலிருந்து சொன்னாள். முதல்முறை கேட்கிறவர் போலவே கேட்டார். இடையிடையே குறிப்பும் எடுத்துக்கொண்டார்.

"மேஸ்திரியத் தொட முடியாது வீணா. நல்லா ஓடுது. உங்க கருவிதான் பொருந்தல. புதுமைக் குழுத் தலைவர்கிட்ட பேசுங்க."

"அவரும் நீங்கதானே சார்."

"இருக்கலாம். ஆனா நான் அவர்கிட்ட நேரடியாப் பேசினா அது முறையில்ல. நலன் முரண்பாடு ஆயிடும். மெயில் போடறேன். ஏழு வேலை நாள்ல அவர் பதில் சொல்லணும்." பெருமூச்சு விட்டார். "அவரும் ரொம்ப பிஸி. போன மாசம் நான் அனுப்பின ரெண்டு மெயிலுக்கு இன்னும் பதில் இல்ல."

வீணா அவர் முகத்தையே பார்த்தாள். அவர் விளையாடவில்லை.

பத்து நாள் இப்படிப் போயிற்று. பத்து நாளும் நாற்பத்தொரு பேரில் ஒருவர்கூட நாற்காலியைத் தவறவிடவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. பத்தாம் நாளான திங்கட்கிழமை மதியம், பெரிய திரையில் எல்லாம் பச்சையாக இருக்கிறதே, பழுது எங்கே என்று குழு கேட்டது. வீணா உண்மையைச் சொன்னாள். ஸ்ரீகண்டன் நீல அட்டையைத் தடவிக்கொண்டார்.

"நீங்களே பேசறீங்களா? உங்க குரல்ல?"

"ஆமா சார்."

"அந்தக் குரலோட பதிப்பு எண் என்ன?"

வீணாவுக்கு விளங்கவில்லை. "குரலுக்கு எண் ஏது சார்?"

"அதான் சொல்றேன். எண் இல்லாத ஒண்ண பத்து நாளா நோயாளிங்க மேல ஓட்டியிருக்கீங்க. நாளைக்கு உங்களுக்குத் தொண்டை கட்டினா எந்தப் பதிப்புக்குத் திரும்பிப் போவீங்க? இது நல்லதுன்னு நெனச்சி செஞ்சிருக்கீங்க, எனக்குத் தெரியும். ஆனா நல்லதுக்கும் ஒரு ஒழுங்கு வேணும். அப்ரூவல் இல்லாத நல்லது ஆபத்து வீணா."

அன்று சாயங்காலமே அவளுடைய மெயிலும் டிக் போடும் அனுமதியும் நிறுத்தப்பட்டன. தண்டனை இல்லை என்று கடிதம் சொன்னது. அவள் மூன்று நாள் ஒத்திசைவு முகாமுக்குப் போகவேண்டும். முடித்து வந்தால் அனுமதிகள் தாமாகத் திரும்பும். நடுவில் எழுந்து போனால் மூன்று நாளும் முதலிலிருந்து. அதுவரை அழைப்புகளை யார் செய்வது என்று கேட்டாள். செய்யப்படாத அழைப்பு தவறான அழைப்பு ஆகாது என்று பதில் வந்தது.

முகாம் ஒயிட்ஃபீல்டில் ஒரு ஹோட்டலில் நடந்தது. வாசலிலேயே போன்களைத் துணிப் பையில் போட்டுக் கட்டி வாங்கிக்கொண்டார்கள். நடத்தியவள் சஹானா; அன்பாகப் பேசுகிற பெண், எல்லாரையும் கன்னடத்தில், தமிழில், இங்கிலீஷில் மாறி மாறி நலம் விசாரித்தாள். முதல் பயிற்சி: கம்பெனியில் சேர்ந்த வருஷப்படி எல்லாரும் வரிசையில் நிற்கவேண்டும். பக்கத்தில் நிற்பவரோடு ஒரு வருஷத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பேசக்கூடாது. வீணாவுக்கு ஒரு பக்கம் மூன்று வருஷம் மூத்தவர், இன்னொரு பக்கம் இரண்டு வருஷம் இளையவள். காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை அவள் யாரோடும் பேசாமல் நின்றாள். அவள்தான் மிகச் சரியாகச் செய்தாள் என்று சஹானா எல்லாரையும் கைதட்டவைத்தாள்.

அது செவ்வாய்க்கிழமை. ஆஞ்சலாவின் நாள்.

சாயங்காலம் போன் கைக்கு வந்ததும் வீணா அவரைத்தான் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, போனீங்களா?"

"காத்தால அஞ்சரைலேர்ந்து போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன் கண்ணு. அடிக்கல. ஒம்போது மணிக்கு நாங்களே போனோம். வாசல்ல அந்தத் தம்பி டேப்லெட்டப் பாத்துட்டு, கன்னடத்துல, 'கால் பந்தில்லாந்த்ரே பிடக்காகல்லா மேடம்'னுட்டான். கால் வரலன்னா வுடமாட்டானாம். மரியாதையாத்தான் சொன்னான்."

"சண்ட போட்டிருக்கணும் ஆன்ட்டி. உள்ள பூந்து போயிருக்கணும்."

"நானா?" என்றார் ஆஞ்சலா. "லைன் இல்லாம உள்ள வர்றவங்கள முப்பது வருசம் நிறுத்தி வெச்சவ நான்."

சண்டை போடத் தெரிந்தவர்கள் அன்று உள்ளே போனார்கள். ஒருவர் தன் மூன்று மகன்களையும் கூட்டிக்கொண்டு போனார், டிக் இல்லாமலே கேட் திறந்தது. சிலர் வேறு ஆஸ்பத்திரியைத் தேடிக்கொண்டார்கள். பிரிஜெட்டும் அக்காவை அப்படி எங்கேயாவது கூட்டிப் போக நினைத்தார். ஆஞ்சலாதான், நாளைக்குள் அழைப்பு வந்துவிடும், வந்தபோது ஆள் இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று போனை விட்டு நகரவில்லை.

"எனுக்கு மூச்சு கொஞ்சம் கனமா இருக்கு. வேற ஒண்ணும் இல்ல," என்றார். "உன் டிரெய்னிங் எப்ப முடியும்?"

"வியாழக்கெழம சாயந்தரம். வெள்ளிக்கெழம விடிஞ்சா உங்க டிக்க நானே போட்டுடுவேன்."

"அதுவரைக்கும் லைன்ல இருக்கேன் போ."

வீணா அன்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். எழுந்து போனால் மறுபடி மூன்று நாள். இருந்து முடித்தால் வெள்ளி காலை. நாற்காலிக்கு எது சீக்கிரம் என்றால், இருந்து முடிப்பதுதான். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. நமக்கும் அந்த இடத்தில் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

புதன்கிழமை காலையில் சஹானாவிடம் போனாள். "மேம், ஒரே ஒரு கால் பண்ணணும். சாயந்தரம் பண்ணா மையத்துல யாரும் எடுக்கறதில்ல. மையத்துல யாராவது ஒருத்தர் மனசு வெச்சா ஒரு பேஷண்டுக்கு நாற்காலி கெடச்சிடும்."

சஹானா அவள் தோளில் கை வைத்தாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள். "நீங்க இவ்ளோ ஃபீல் பண்றது ரொம்ப அழகா இருக்கு வீணா. இத நாம தொலைச்சிடக் கூடாது." மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்றைக் கொடுத்து எழுதச் சொன்னாள். வீணா 'ஆஞ்சலா, நாற்காலி' என்று எழுதினாள். சஹானா அதைச் சுவரில் 'பிறகு பார்ப்போம்' என்ற பலகையில், மற்ற ஒட்டுத்தாள்களுக்கு நடுவே, நேராக ஒட்டினாள்.

வியாழக்கிழமை காலை ஆஞ்சலாவுக்குப் படுக்கமுடியவில்லை. உட்கார்ந்தால்தான் மூச்சு வந்தது. பிரிஜெட் ஆட்டோ பிடித்து மறுபடி மையத்துக்கே கூட்டிப் போனார். செக்யூரிட்டி டேப்லெட்டைப் பார்த்தான். அந்த அம்மாளின் வீங்கிய முகத்தையும் பார்த்தான். உள்ளே போய்க் கேட்டு வந்தான். திரையில் இருப்பதைத்தான் நாங்கள் பார்க்கமுடியும் என்று உள்ளே சொன்னார்களாம். பிரிஜெட் வீணாவைக் கூப்பிட்டார். துணிப் பைக்குள் அவள் போன் பதினொரு தடவை அடித்தது. பிறகு வேறு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவைத் திருப்பச் சொன்னார். ஏரி ஓரம் சிக்னலில் நின்றபோது ஆஞ்சலா தங்கையின் தோளில் சாய்ந்தார். சிக்னல் பச்சையாயிற்று. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. பிரிஜெட் டிரைவரிடம், "போலாம் தம்பி, மெதுவாப் போலாம், இனிமே அவசரம் இல்ல" என்றார்.

வீணாவுக்கு முகாம் சான்றிதழையும் போனையும் ஒன்றாகக் கொடுத்தார்கள்.

அடக்கம் சனிக்கிழமை. திங்கட்கிழமை கம்பெனியில் ஒரு கூட்டம். அதற்குக் குற்றம் சாட்டாத ஆய்வு என்று பெயர். யார் தவறு என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது. ஸ்ரீகண்டன் முதல் தடவையாக இரண்டு அட்டைகளையும் சேர்த்துத் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒரு நிமிஷ மௌனத்தோடு தொடங்கினார்கள். அந்த அறை அடுத்த கூட்டத்துக்கும் பதிவாகியிருந்ததால் முப்பது விநாடியில் முடித்துக்கொண்டார்கள்.

"ரொம்ப வருத்தமான சம்பவம்," என்று பேசினார் ஸ்ரீகண்டன். அவர் கண் கலங்கியிருந்தது, பொய் சொல்லமாட்டேன். "ஆனா நாம கத்துக்கணும். புதுமைக் குழு தன் கடமையச் செஞ்சிருக்கு, கருவி புதுசா இருந்தது. நிலைத்தன்மைக் குழு தன் கடமையச் செஞ்சிருக்கு, மேஸ்திரி ஒரு நொடிகூட நிக்கல. அந்த அம்மா ரெண்டு தடவ கேட்டுக்கு வந்திருக்காங்க. ரெண்டு தடவையும் சிஸ்டம் ஒரே பதிலத்தான் சொல்லியிருக்கு. நம்ம சிஸ்டம் தடுமாறல. யாரும் தப்புப் பண்ணல. ஒருத்தர்கூட தப்புப் பண்ணாம இப்பிடி ஆயிருக்குன்னா, நம்ம செயல்முறை எவ்ளோ உறுதின்னு பாருங்க."

"சார்," என்றாள் வீணா. "அவங்க பேரு ஆஞ்சலா."

"இந்தக் கூட்டத்துல பேர் சொல்லக் கூடாதும்மா," என்றார் அவர் மெதுவாக. "யாரையும் குத்தம் சொல்ற மாதிரி ஆயிடும்."

கடைசியில் தீர்மானம் நிறைவேறியது. ஏழு வேலை நாள் கழித்து, ஸ்ரீகண்டனின் மெயிலுக்கு ஸ்ரீகண்டன் பதில் போட்டிருந்தார். மேஸ்திரிக்குப் பொருத்தமான பழைய கருவியைப் புதியதன் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். வீணா தன் இடத்துக்குப் போய் இருபதாம் பதிப்புக் கருவியை இறக்கினாள். இரண்டு எண்ணையும் ஒத்துப் பார்த்தாள். கட்டளையைத் தட்டினாள். உருவாக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பக்கத்து வரிசையில் யாரோ கேக் வெட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கு, மர்பி டவுனிலும் ஆஸ்டின் டவுனிலும் அல்சூரிலும் போன்கள் அடித்தன. சோதனைக்காகத் தன் எண்ணையும் சேர்த்திருந்த வீணாவுக்கும் அடித்தது. வணக்கம், என்றது ஆஞ்சலாவின் குரல். ஒவ்வொன்றாக வைத்து வைத்துப் பேசியது. தனக்கோடி பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்து நின்றாள். அன்று அவரவர் வீட்டில் என்ன நடந்தது என்று என்னால் முழுக்கச் சொல்லமுடியாது. அடக்கத்துக்கு வந்திருந்த சுந்தரேசன் ஐயா, எழுந்து நின்றுகொண்டு கேட்டாராம். சேவை பழையபடி திரும்பியது, குரலில் மாற்றம் எதுவும் இல்லை என்று கம்பெனி அறிக்கை எழுதியது.

பட்டியலில் ஆஞ்சலாவின் பெயர் இன்னும் இருந்தது. மையம் அவருடைய நாற்காலியை அவர் போன அன்றைக்கே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. ஆனால் போன் போடும் பட்டியல் கம்பெனியுடையது. பெயரை நீக்கும் அனுமதி கேட்டு வீணா படிவம் போட்டாள். அது ஒரே மணிநேரத்தில் வந்துவிட்டது. அந்தக் கம்பெனியின் சரித்திரத்தில் அவ்வளவு வேகமாக வந்த அனுமதி வேறு இல்லை. கீழே நீலக் கையெழுத்தும் பச்சைக் கையெழுத்தும் இருந்தன.

அதை எடுத்துக்கொண்டு சாயங்காலம் பிரிஜெட் வீட்டுக்குப் போனாள். கட்டிலில் ஒரு பக்கம் மட்டும் விரிப்பு கசங்கியிருந்தது.

"ஆன்ட்டி, காலைல போன் வந்திருக்கும். மன்னிச்சிடுங்க. இனிமே வராது. இன்னிக்கே எடுத்துடறேன்."

பிரிஜெட் கட்டிலைக் காட்டினார். "உக்காரு," என்றார். "உன்மேல எனுக்குக் கோவம் இருந்தது. பொய் சொல்லமாட்டேன். பதினொரு தபா அடிச்சேன் நானு."

"தெரியும் ஆன்ட்டி."

"காத்தால போன் அடிச்சது. அக்கா போன்தான், அணைக்கத் தெரியல எனுக்கு. எடுத்தேன். வணக்கம்னு சொல்லிச்சி. ஆஞ்சலான்னு சொல்லிச்சி." நிறுத்தினார். "சொல்லிட்டு சிரிச்சிது வீணா."

வீணா அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பறம் ஒண்ணும் இல்ல. உங்கள் நாற்காலின்னு சொன்னிச்சி, நம்பர் வரல. சும்மா இருந்தது. நானும் சும்மா கேட்டுக்கினே இருந்தேன். அதுவா கட்டாச்சி." முந்தானையால் போனைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். "எடுத்துடாத கண்ணு. வாரத்துல ரெண்டு நாள்தான். யாருக்கு என்னா நஷ்டம்."

மறுநாள் வீணா லேப்டாப்பைத் திறந்தாள். கருவியும் மேஸ்திரியும் இப்போது ஒரே எண். ஒரு வரி தட்டினால் பெயர் போய்விடும். அனுமதி கொடுத்தாயிற்று, ஏன் இன்னும் செய்யவில்லை என்று படிவம் கேட்டது. காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. வீணா விதிப்படி நடப்பவள் என்று சொன்னேன் அல்லவா? வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கட்டத்தில் ஒரு பொய் எழுதினாள்.

பதிப்பு பொருந்தவில்லை.

படிவம் யாரையும் கேட்காமல் வாங்கிக்கொண்டது. ஏழு வேலை நாள் கழித்துத் திரும்பக் கேட்டது. திரும்ப அதையே எழுதினாள். இதுவரை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. செவ்வாயும் வெள்ளியும் ஐந்தரைக்கு அந்த வீட்டில் போன் அடிக்கிறது. பிரிஜெட் எடுத்து, சிரிப்பு வரும்வரை கேட்டு, அதற்குப் பிறகு வருகிற சும்மாவையும் கேட்டு, "சரிக்கா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போகிறார்.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போகுமுன் ஒரு நிமிஷம். உங்கள் வீட்டுக்கு வரவேண்டிய போன் வரவேண்டிய நேரத்துக்கு வரட்டும். அடிக்கும்போது எடுக்க ஒரு கை இருக்கட்டும். உங்கள் வீட்டு முடியாதவர்களைப் பார்த்தால், திரையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துக் கேட்டைத் திறக்கிற ஒருவர் எல்லா வாசலிலும் நிற்கட்டும். உங்கள் வீட்டில் சிரிக்கிற எல்லாரும் வெகுகாலம் பக்கத்திலேயே இருந்து சிரிக்கட்டும். நன்றாயிருங்கள்.